மலைப்பாதையில் வெடித்த பழைய பிக்கப்

(நமது மருத்துவமனையின் அறுப்பின் பண்டிகையில், வாகனப் பகுதியில் பல ஆண்டுகள் ஓட்டுநராகவும் மெக்கானிக்காகவும் ஊழியம் செய்து ஓய்வுபெற்ற சகோதரர் ஒருவர் ஆற்றிய உரை. பங்காளர்களின் விருப்பத்தின்படி இங்கே தரப்படுகிறது.)



எனக்குப் பிரசங்கம் வராது. கொடுத்த பத்து நிமிஷத்தில் நான் அறிந்த ஒன்றைப் பற்றித்தான் பேச முடியும். நான் அறிந்தது இன்ஜின். ஆலயத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிற பச்சை நிற ஜீப் பிக்கப்பை நீங்கள் வரும்போது பார்த்திருப்பீர்கள். அதைப் பற்றிச் சொல்லுகிறேன். அதிலே உங்கள் காணிக்கைப் பணம் எப்படிச் செலவானது என்பதும் வரும், எப்படி வீணானது என்பதும் வரும். இரண்டாவதை மறைத்துவிட்டு முதலாவதை மட்டும் சொன்னால் நான் உங்களுக்கு உண்மையாயிருக்க மாட்டேன்.

மிஷன் ஆஸ்பத்திரி என்றாலே வண்டியும் கூடவே வரும். வேலூரில் 1900-ல் மருத்துவ ஊழியத்தைத் தொடங்கின ஐடா ஸ்கடர் அம்மையார் மாட்டு வண்டியிலும், பின்பு ஒரு பெஜோ காரிலும் கிராமங்களைத் தேடிப் போனார். நோயாளி நம்மிடம் வர முடியாவிட்டால் நாம் அவர்களிடம் போக வேண்டும். நமக்கும் ஜவ்வாது மலையின் மேலே வாராந்தரம் மருத்துவ முகாம் இருந்தது. 1987-ல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அதற்கென்று இருந்தது இந்த ஒரே பிக்கப். ஒரு சபையார் பழைய வண்டியாக வாங்கிக் கொடுத்தது. பெட்ரோல் வண்டி. வில்லிஸ் ஜீப்பில் வந்த ‘ஹரிகேன்’ இன்ஜின், நான்கு சிலிண்டர், 2.2 லிட்டர். அதிலே உள்ளே இழுக்கும் வால்வுகள் மேலே ஹெட்டில் இருக்கும், புகையை வெளியே தள்ளும் வால்வுகள் கீழே பிளாக்கில் இருக்கும். அந்தக் காலத்து வேலைப்பாடு. எங்கள் பக்கத்தில் அநேகர் இந்த ஜீப்புகளுக்கு டீசல் இன்ஜினை மாற்றிப் போட்டுவிட்டார்கள். நம்மிடம் அதற்குப் பணம் இல்லை, ஆகையால் பெட்ரோலாகவே இருந்துவிட்டது.

1994-ம் வருஷம் ஐப்பசி மழையில் அந்த வண்டி வெடிக்கத் தொடங்கியது.

வெடி என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். பெண்கள் பகுதியில் சிலர் சிரிக்கிறார்கள், ஆனால் இது தெரியாமல் மற்றது புரியாது. பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து சிலிண்டருக்குள் போகிறது. பிஸ்டன் அதை அமுக்குகிறது. சரியான நேரத்தில் பிளக்கில் ஒரு பொறி விழுகிறது, அது எரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது, பின்பு புகையாய் வெளியே போகிறது. இந்த எரிதல் சிலிண்டருக்குள்ளே நடக்க வேண்டியது. அது வெளியே நடந்தால் அதற்குத்தான் பேக்ஃபயர் என்று பெயர். வெளியே என்றாலும் இரண்டு பக்கம் உண்டு. முன்பக்கம் கார்புரேட்டர் வழியாக ‘தும்மல்’ போல் துப்பும். பின்பக்கம் சைலன்சருக்குள் ‘டமார்’ என்று வெடிக்கும். இந்த இரண்டையும் ஒன்றாக நினைக்கிற மெக்கானிக் பாதி பணத்தை அங்கேயே தொலைத்துவிடுவான்.

கார்புரேட்டர் பக்கம் துப்பினால் பெரும்பாலும் பெட்ரோல் போதவில்லை, காற்று அதிகம் என்று அர்த்தம். ஜெட்டில் தூசி, பெட்ரோல் பம்பில் கோளாறு, மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் காற்று ஒழுகல், இப்படி ஏதாவது. அல்லது உள்ளே இழுக்கும் வால்வு சரியாய் மூடவில்லை. அல்லது யாரோ பிளக் வயர்களை மாற்றிச் சொருகிவிட்டார்கள். நம்முடைய இன்ஜினில் பொறி விழ வேண்டிய வரிசை 1, 3, 4, 2. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல் சொருகினால் துப்பாமல் என்ன செய்யும்? ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டு முகத்தை மேலே வைத்துக்கொண்டு ஆக்சிலேட்டரைத் தூக்கிப் பார்க்கிற பழக்கம் நம் பையன்களுக்கு உண்டு. எனக்கும் இருந்தது. என் இடது புருவம் இன்றைக்கும் பாதிதான்.

சைலன்சர் பக்கம் வெடித்தால் கதை வேறே. எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய்ச் சேர்ந்து அங்கே பற்றிக்கொள்கிறது. ஏன் எரியாமல் போகிறது? பெட்ரோல் அளவுக்கு மிஞ்சியிருக்கலாம். டைமிங் பிந்தியிருக்கலாம். புகைபோக்கும் வால்வு எரிந்து ஓட்டையாகியிருக்கலாம். அல்லது பொறியே விழாமல் போயிருக்கலாம். நம்முடைய வண்டி பின்பக்கம்தான் வெடித்தது. முதல் நாள் வெடித்தபோது நர்சம்மா ‘ஐயோ டயர்!’ என்று குதித்து இறங்கிவிட்டார். இரண்டாம் நாள் மலைக் கிராமத்தில் யாரோ துப்பாக்கி சுடுகிறார்கள் என்று சனங்கள் வீட்டுக்குள் ஓடினார்கள். மூன்றாம் வாரம் சைலன்சரே தையல் விட்டுப் பிளந்தது.

மழைக்காலத்தில் தொடங்கினபடியால் ஈரம் என்று முடிவு கட்டினேன். அது முட்டாள்தனமான எண்ணம் அல்ல. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் ஈரம் கோத்தாலோ, மயிர்போல் ஒரு கீறல் விழுந்தாலோ, பொறி பிளக்குக்குப் போகாமல் குறுக்கே ஓடிவிடும். அது ஓடின பாதை மூடிக்குள்ளே பென்சிலால் கோடு போட்டதுபோல் கறுப்பாய்த் தெரியும். பழைய வயர்களில் மின்சாரம் ஒழுகுகிறதா என்று பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். அமாவாசை இருட்டில் பானெட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டால் போதும், நீல நிறத்தில் மின்மினிபோல் தாவுகிறது கண்ணுக்கே தெரியும். நான் அதைச் செய்தேனா? செய்யவில்லை. மூடி, ரோட்டார், நான்கு பிளக் வயர், எல்லாவற்றையும் புதிதாக வாங்கி மாற்றினேன். வண்டி சமவெளியில் இரண்டு நாள் நன்றாக ஓடியது. மலையேறின உடனே ‘டமார்’.

அடுத்தது பாயிண்ட், கண்டென்சர். இளைஞர்களுக்கு இவை தெரியாது, இப்போதைய வண்டிகளில் கிடையாது. பன்னிரண்டு வோல்ட் பேட்டரியிலிருந்து பிளக்கில் பொறி தாவ வேண்டுமானால் பதினையாயிரம், இருபதாயிரம் வோல்ட் வேண்டும். அதைச் செய்வது காயில். காயிலுக்குள் ஓடுகிற மின்சாரத்தை வெடுக்கென்று துண்டித்தால்தான் அந்தப் பெரிய வோல்ட் பிறக்கும். துண்டிக்கிற வேலை பாயிண்டுக்கு. இன்ஜின் நிமிஷத்துக்கு 2000 சுற்றுச் சுற்றினால் பாயிண்ட் 4000 தடவை திறந்து மூட வேண்டும். துண்டிக்கும்போது பாயிண்ட் நடுவிலே தீப்பொறி பறந்து அதைத் தின்றுவிடாதபடி காப்பது கண்டென்சர். கண்டென்சர் கெட்டால் பாயிண்ட் முகம் நீலமாய்க் கருகும், வண்டி மிஸ் அடிக்கும், சைலன்சரில் வெடிக்கும். இந்த இன்ஜினுக்குப் பாயிண்ட் இடைவெளி அரை மில்லிமீட்டர், பிளக் இடைவெளி முக்கால் மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் இல்லாதவர்கள் ஹேக்ஸா பிளேடை நடுவில் விட்டுப் பார்ப்பார்கள், அவசரத்துக்குப் பரவாயில்லை. பாயிண்டின் குதிகால் தேய்ந்து இடைவெளி குறைந்தால் டைமிங்கும் தானாகவே பிந்திப்போகும், இதை அநேகர் கவனிப்பதில்லை.

பாயிண்டை மாற்றினேன். கண்டென்சரை இரண்டு முறை மாற்றினேன். பிளக்குகளை மாற்றினேன். காயிலையும் மாற்றினேன். மலையில் ‘டமார்’.

பின்பு டவுனில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். அவர்கள் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து ஜெட் மாற்றினார்கள். நன்றாய்த்தான் வேலை செய்தார்கள், குறை சொல்வதற்கில்லை. அடுத்த முறை போனபோது வால்வு எரிந்திருக்கும், இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்றார்கள். இதற்குள் என் இரண்டு மாதச் சம்பளத்துக்கும் மேலே உதிரிப் பாகங்களில் போய்விட்டது. அது என் பணம் அல்ல. அந்த வருஷம் ஒரு சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் பிடியரிசி சேர்த்து அனுப்பின காணிக்கை ‘மலை ஊழிய வாகனத்துக்கு’ என்று ரசீது போடப்பட்டது. அந்தக் கணக்கில்தான் எழுதினோம். அவர்களில் சிலர் இன்று இங்கே உட்கார்ந்திருக்கலாம்.

நிர்வாகி ஐயா தாமே ஒருநாள் வண்டியை ஓட்டிப் பார்த்தார். ஆஸ்பத்திரியிலிருந்து பஸ் நிலையம் வரைக்கும் போய்த் திரும்பி வந்து, ‘வண்டியில் ஒன்றுமே இல்லையே, உங்கள் கால்தான் சரியில்லை’ என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அவர் சொன்னதில் ஒரு உண்மை இருந்தது. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கார்த்திகை மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம் மலைமேல் முகாம் முடிந்து கிளம்பும்போது, பக்கத்துப் பள்ளத்திலிருக்கும் சிற்றூரிலிருந்து ஆள் ஓடிவந்தான். ஒரு பெண்ணுக்கு முந்தின இரவு தொடங்கிய பிரசவ வலி. டாக்டரம்மா போய்ப் பார்த்தார். குழந்தை குறுக்கே கிடந்தது. கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து ஆபரேஷன் செய்தால்தான் உண்டு. வண்டியின் பின்னால் பாய் விரித்து அவளைப் படுக்க வைத்தோம். மாமியார், புருஷன், நர்சம்மா, டாக்டரம்மா, மருந்துப் பெட்டிகள், இன்னும் மூன்று பேர். அந்த ஊரிலிருந்து பெரிய சாலைக்கு வர இரண்டு கிலோமீட்டர் ஏற்றம் ஏற வேண்டும். அதற்குப் பிறகு எல்லாம் இறக்கம்தான்.

பாதி ஏற்றத்தில் வெடித்து நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்தால் உடனே எடுத்தது. இருபது அடி ஏறும், வெடிக்கும், நிற்கும். ஒவ்வொரு வெடிக்கும் பின்னாலிருந்து அந்தப் பெண் அலறினாள். ஐந்தாவது தடவை வண்டி பின்னால் உருளத் தொடங்கியது, புருஷன்காரன் குதித்துக் கல்லை உருட்டிச் சக்கரத்துக்கு அடை கொடுத்தான். பிலேயாம் தன் கழுதையை மூன்று தரம் அடித்தானே, அப்படி நான் ஸ்டியரிங்கை அடித்தேன். வெட்கமில்லாமல் சொல்லுகிறேன்.

கடைசியில் ஊர் ஆண்கள் கம்பளியைக் கழியில் கட்டித் தூளியாக்கி அவளைத் தோளில் சுமந்து மேட்டுக்குக் கொண்டுபோனார்கள். எல்லோரும் இறங்கின பிறகு நான் ஸ்டார்ட் செய்தேன். காலி வண்டி ஒரு வெடிகூட இல்லாமல் மேட்டுக்கு ஏறி வந்து அவர்களோடு சேர்ந்தது. அப்போதும் எனக்கு அது புரியவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது இரண்டரை மணி நேரம் வீணாகியிருந்தது.

தாய் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

டாக்டரம்மா மறுநாள் என்னிடம், ‘முன்னாடியே வந்திருந்தாலும் குழந்தை தங்கியிருக்கும்னு சொல்ல முடியாதுங்க டிரைவர்’ என்றார். என்மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னார். நான் ஷெட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விடலாம் என்றுதான் இருந்தேன்.

இரண்டு நாள் கழித்து டாக்டரம்மா ஷெட்டுக்கு வந்தார். எதை எதை மாற்றினீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அதற்கு அவர் கேட்ட கேள்வியை மறக்க மாட்டேன். ‘நோயாளி வயிற்று வலின்னு வந்தா நான் முதல்லே மாத்திரை கொடுக்கிறதில்லையே. வலி எப்ப வருது, சாப்பிட்ட பிறகா, முன்னாடியா, படுத்தாலா, நடந்தாலா, எப்ப வராதுன்னு கேட்கிறேன். நீங்க இந்த வண்டியை அப்படிக் கேட்டீங்களா?’

நான் கேட்கவில்லை. மாத்திரை மாத்திரையாய்க் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

அன்று இரவு ஒரு பழைய மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். மழையில் வெடித்தது, வெயிலிலும் வெடித்தது. ஆகவே ஈரம் இல்லை. இன்ஜின் சூடேறினபின் மாத்திரம் வெடித்தால் காயில் என்று சந்தேகிக்கலாம், சூடான காயில் கொஞ்சம் ஆறினால்தான் மறுபடி பிழைக்கும். இதுவோ காலையில் முதல் ஏற்றத்திலேயே வெடித்தது, நின்ற மாத்திரத்தில் மறுபடி எடுத்தது. வால்வு எரிந்திருந்தால் ஐடிலிங்கிலேயே தள்ளாடும். நம்முடையதோ ஐடிலிங்கில் தையல் மெஷின் போல் ஓடியது. சமவெளியில் ஒருநாளும் வெடிக்கவில்லை. காலி வண்டியில் ஒருநாளும் வெடிக்கவில்லை. சுமையோடு, ஏற்றத்தில், ஒன்றாவது இரண்டாவது கியரில் மட்டும். நிர்வாகி ஐயா பஸ் நிலையம் வரைக்கும் ஓட்டிப் பார்த்ததில் இருந்த உண்மை அதுதான்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. வாலிபத்தில் ஓடுகிற வண்டியின் சாவியை அணைத்து, இரண்டு வினாடி விட்டு மறுபடி போட்டு, சைலன்சரில் வெடி வெடிக்க வைத்து விளையாடுவோம். சாவி அணைந்திருக்கும்போது பெட்ரோல் எரியாமல் சைலன்சருக்குள் போய் நிறைகிறது, சாவி போட்டதும் வருகிற நெருப்பில் அது பற்றிக்கொள்கிறது. நம்முடைய வண்டியின் சத்தம் அச்சாக அதே சத்தம். அப்படியானால் யாரோ என் வண்டியின் சாவியை அணைத்து அணைத்துப் போடுகிறார்கள். எங்கே?

எக்ஸ்ரே பகுதியில் ஒரு தம்பி இருந்தார். அவரிடம் முள் ஓடுகிற ஏவோ மீட்டர் ஒன்று இருந்தது. அவர்தான் வழி சொன்னார். காயிலுக்கு இரண்டு முனை. ஒன்றுக்குச் சாவியிலிருந்து மின்சாரம் வருகிறது. மற்றதிலிருந்து ஒரு வயர் டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்டுக்குப் போகிறது. இந்த இரண்டாவது முனையில் மீட்டரை மாட்டி, மறுமுனையை எர்த் செய்து, நீளமான வயரில் மீட்டரைக் கேபினுக்குள் கொண்டுவந்துவிட்டால் ஓடும்போதே பார்க்கலாம். பாயிண்ட் திறந்து மூடிக்கொண்டிருந்தால் முள் நடுவில், ஐந்து ஆறு வோல்ட்டில் நிற்கும். சாவிப் பக்கம் மின்சாரம் அறுந்தால் முள் சைபருக்கு விழும். காயிலுக்கும் பாயிண்டுக்கும் நடுவில் அறுந்தால் முள் முழுப் பன்னிரண்டுக்கும் ஏறிவிடும். இதில் ஒரு உதிரிப் பாகமும் வாங்க வேண்டியதில்லை.

சனிக்கிழமை மத்தியானம் பின்னால் எட்டு மூட்டை மணல் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனோம். தம்பி மீட்டரை மடியில் வைத்துக் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது வளைவில் இரண்டாவது கியருக்கு மாற்றி அழுத்தினேன். வண்டி குலுங்கியது. ‘அண்ணே, பன்னெண்டுக்கு ஏறிடுச்சு! பன்னெண்டு!’ என்று தம்பி கத்தினார். அதே வினாடி ‘டமார்’.

கல் அடை கொடுத்துவிட்டுப் பானெட்டைத் திறந்தேன். காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகிற வயர், ஒரு முழத்துக்கும் குறைவு. பார்வைக்குக் குற்றமே இல்லை. மேலுறை பளபளவென்று இருந்தது. விரலால் பிடித்து இழுத்தேன். ரப்பர்போல் நீண்டது. உள்ளே செம்புக் கம்பி அறுந்து, உறை மாத்திரம் பிடித்துக்கொண்டிருந்தது. அறுந்த முனைகள் சும்மா நிற்கும்போது ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன, இழுத்தால் பிரிந்தன.

எது இழுத்தது? சுமையோடு ஏற்றத்தில் அழுத்தும்போது இன்ஜின் தன் ரப்பர் மவுண்டிங்கின்மேல் ஒரு பக்கமாய்ச் சாயும். நம்முடைய வண்டியில் அந்த ரப்பர் எண்ணெய் குடித்து ஊறிப்போயிருந்தது, சற்று அதிகமாகவே சாய்ந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் இன்ஜினில் இருக்கிறது, காயில் கேபின் தகட்டில் இருக்கிறது. ஆகவே சாயும்போதெல்லாம் வயர் இழுபட்டது. ஷெட்டில் நிறுத்தி எத்தனை நாள் பார்த்தாலும் தெரியாது. வண்டி நின்றதும் இன்ஜின் நிமிர்ந்துவிடும், வயர் சேர்ந்துவிடும், உடனே ஸ்டார்ட் ஆகும். எல்லாம் பொருந்தியது.

இப்போது நான் சொல்ல வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. இந்த இன்ஜினில் காயில் முதலில் இன்ஜினோடு சேர்ந்தே இருந்தது. சூட்டினால் கெட்டுப்போகிறது என்று 1993-ல் அதைக் கழற்றிக் கேபின் தகட்டில் மாட்டினது நான்தான். வயர் தொங்கினால் பார்வைக்கு நன்றாயிராது என்று அளவாக, இறுக்கமாக வெட்டிப் பூட்டினதும் நான்தான். கொஞ்சம் தொய்வாக விட்டிருந்தால், ஒரு சாண் வயர் அதிகமாய்ப் போட்டிருந்தால், அது அறுந்திருக்காது. அந்த வயரின் விலை அன்றைக்கு இரண்டு ரூபாய் இருக்கும்.

மலையிலிருந்து இறங்கினவுடன் டாக்டரம்மாவிடம் போய் இதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பின்பு, ‘நாங்களும் உள்ளே தையல் போடறப்போ ரொம்ப இறுக்கிட்டா சதை செத்துப் போயிடும்’ என்றார். வேறே ஒன்றும் சொல்லவில்லை. வேலையை எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். ‘அப்போ அடுத்த வாரம் மலைக்கு யார் ஓட்டறது?’ என்று கேட்டுவிட்டு வார்டுக்குப் போய்விட்டார்.

புது வயர் போட்டு, மவுண்டிங் ரப்பரையும் மாற்றினேன். இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவில் எர்த் பட்டை ஒன்று உண்டு, அதையும் இப்படித்தான் இழுபடுகிறது என்று சந்தேகித்துப் புதிதாக்கினேன். அதற்குப் பிறகு அந்த வண்டி அந்தக் காரணத்தால் ஒருநாளும் வெடிக்கவில்லை. 1997-ல் அதே பெண்ணை, அதே ஏற்றத்தில், அதே வண்டியில் அழைத்து வந்தேன். வலி தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்னதாகவே டாக்டரம்மா வரவழைத்துவிட்டார். ஏற்றத்தில் நான் இரண்டாவது கியர் போட்டபோது அந்த அம்மாள் பின்னாலிருந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். நான் கண்ணாடியில் பார்த்தேன். பெண் குழந்தை பிறந்தது.

வாலிபர்கள் பழைய வண்டி வைத்திருந்தால் சுருக்கமாய் ஒன்றிரண்டு சொல்லுகிறேன். இப்போது பங்கில் கிடைக்கிற பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. பழைய கார்புரேட்டர் வண்டிக்கு அது ஒத்துவராது. கலவை மெலிந்து முன்பக்கம் துப்பும், பழைய ரப்பர் குழாய்களும் பம்பின் டயாஃப்ரமும் ஊறிப் பிசுபிசுக்கும். குழாய்களை எத்தனால் தாங்குகிற ரகமாக மாற்றிவிடுங்கள். பல மாதம் ஓட்டாமல் நிறுத்துவதானால் டாங்கியைக் காலி செய்யுங்கள். கைப்பிடி போட்டுச் சுற்றுகிற வண்டியானால் டைமிங் முந்தியிருக்கும்போது சுற்றாதீர்கள், திருப்பி அடித்து மணிக்கட்டை முறித்துவிடும். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாய் வைத்துப் பிடியுங்கள். அப்படி முறிந்து நம்முடைய வார்டுக்கே வந்தவர்கள் உண்டு.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஷெட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தோம். வண்டியில் கோளாறு என்றால் முதலில் எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை என்று அதில் எழுத வேண்டும். எழுதாமல் ஒரு உதிரிப் பாகத்துக்கும் நிர்வாகி ஐயா கையெழுத்துப் போடமாட்டார். நான் பழக்கின மலைப் பையன்கள் இருவரில் ஒருவர் இன்று நம்முடைய ஆம்புலன்ஸ் ஓட்டுகிறார். அவருடைய வண்டியில் பாயிண்டும் இல்லை, கண்டென்சரும் இல்லை, கம்ப்யூட்டர்தான். ஆனாலும் அவர் போன மாதம் நோட்டில் எழுதியிருந்ததைப் பார்த்தேன்: ‘இடது பக்கம் திரும்பும்போது மட்டும்.’ அதற்குப் பக்கத்திலேயே, ‘வயரில் உரசல், சரி செய்யப்பட்டது, செலவு இல்லை.’

காணிக்கை கேட்கும்படி என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். கேட்கிறேன். புது வண்டி வாங்கிக் கொடுக்கப் பலர் முன்வருகிறீர்கள், அதற்குக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம், வண்டியின்மேல் உங்கள் சபையின் பெயரும் எழுதப்படுகிறது. ரப்பர் மவுண்டிங்கின்மேல் யாருடைய பெயரையும் எழுத முடியாது. பராமரிப்புக் கணக்கு என்று ஒன்று தனியே இருக்கிறது, அது எப்போதும் காலியாகவே இருக்கிறது. உங்கள் கவரின்மேல் ‘பராமரிப்பு’ என்று ஒரு வார்த்தை எழுதினால் அது அந்தக் கணக்குக்குப் போகும். பிடியரிசி சங்கத்தார் அன்று அனுப்பின பணத்தில் நான் வீணாக்கினதை என் சம்பளத்திலிருந்து மாதாமாதம் அந்தக் கணக்கில் கட்டி முடித்துவிட்டேன், ரசீதுகள் அலுவலகத்தில் இருக்கின்றன.

வேப்பமரத்தடி வண்டி இப்போது ரோட்டில் போவதில்லை. வளாகத்துக்குள் தண்ணீர் டிரம் இழுக்கிறது. பானெட்டைத் திறந்தே வைத்திருக்கிறேன். அறுந்த பழைய வயரையும் ஒரு கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், இழுத்துப் பார்க்கலாம். சாப்பாட்டு மணி அடித்துவிட்டது, பார்க்கிறவர்கள் சாப்பிட்ட பிறகு வாருங்கள், அதுவரைக்கும் பிள்ளைகளை ஸ்டியரிங்கில் ஏறவிடாதீர்கள், ஹேண்ட் பிரேக் சரியில்லை.